மெக்சிகோ படிக்கட்டில் படையல் தட்டு

கைப்பிடி இல்லாத ஒரு படிக்கட்டின் பாதியில் என் முதலாளி மாட்டிக்கொண்டு "ஸ்டெல்லா!" என்று கூப்பிட்டபோது, வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் ஏன் ஏறினேன்? அந்தப் படியில் யாரும் ஏறக்கூடாது என்று மாதக்கணக்கில் சண்டை போட்டவள் நான்தான். அதைப் பார்த்து மற்ற எல்லோரையும்விட அதிகமாகப் பயந்தவளும் நான்தான். ஆனாலும் ஏறினேன். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

யாங்கோனில் கட்டிட வரைபட அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். வேலை அனுபவத்தைச் சொல்லித் தர நரை முடி வேண்டும் என்று நினைப்பீர்கள். எனக்கு முப்பத்தோரு வயதுதான். ஆனால் வேலையை விட்டுவிட்டு லான்மடா பேட்டையில் ஐந்தாம் மாடியில் இரண்டு பெண் குழந்தைகளோடு உட்கார்ந்திருப்பவளை ஊர் ஓய்வு பெற்றவளாகத்தான் நடத்துகிறது. "இப்ப சும்மாதானே இருக்கீங்க" என்று கேட்கிறார்கள். சும்மா இருக்கும் நேரத்தில் எழுதியது இது. நான் சொல்வது சரிதானா என்று ஒவ்வொரு பத்திக்கும் எனக்குச் சந்தேகம் வருகிறது. வந்தாலும் எழுதுகிறேன்.

எங்கள் அலுவலகத்தில் முதலாளியை 'ஸயா' என்போம். பர்மிய மொழியில் ஆசிரியர், மருத்துவர், மேலாளர் எல்லோருக்கும் அதே மரியாதைச் சொல்தான். இவர் தமிழர். சிங்கப்பூரில் சில ஆண்டுகள் யாரோ வரைந்த கழிப்பறைகளுக்கு அளவு எழுதிக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பியவர். திரும்பும்போது கொண்டுவந்தவை சில கறுப்புச் சட்டைகள், 'ஸ்பேஸ்' என்ற ஒரு சொல், ஒரு கனமான படப்புத்தகம். புத்தகம் மெக்சிகோ நாட்டுக் கட்டிடக் கலைஞர் ஒருவரைப் பற்றியது. அவரை எங்கள் அலுவலகத்தில் 'ஸயாஜீ', அதாவது பெரிய ஸயா, என்று சொல்ல வேண்டும் என்பது விதி.

அந்தப் பெரியவரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் இணைய மையத்துக்கு ஓடிப்போய் அவர் வீடுகளின் படத்தைத் தேடுவீர்கள். படம் பார்த்ததால் வந்த வினைதான் நான் சொல்லப்போவது முழுவதும்.

அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. படிப்பில் பொறியாளர். இளம் வயதில் ஐரோப்பாவுக்குப் போய்த் தோட்டங்களைப் பார்த்து மயங்கித் திரும்பினார். சொந்த ஊரில் சில வீடுகள் கட்டினார். தலைநகருக்கு வந்து பிழைப்புக்காக வாடகைக் குடியிருப்புகள் கட்டினார். பிறகு ஒருநாள் அதெல்லாம் போதும் என்று முடிவு செய்து, தனக்குப் பிடித்ததை மட்டும் கட்ட ஆரம்பித்தார். தெருவுக்கு வெறும் முதுகைக் காட்டி, தோட்டத்துக்கு மட்டும் முகத்தைக் காட்டும் சொந்த வீடு. கன்னியர் மடத்துக்கு மஞ்சள் வெளிச்சம் இறங்கும் ஒரு சிற்றாலயம். குதிரைகளுக்கு ரோஜா நிறச் சுவர்களும் ஒரு நீண்ட நீர்த்தொட்டியும். கட்டியது கொஞ்சம். உலகம் அதை எடுத்த படங்கள் ஏராளம். நானும் அந்தக் குதிரைத் தொட்டியின் படத்தை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பொய் சொல்லக்கூடாது.

என் கோபம் எல்லாம் அவரை நகல் எடுத்தவர் மேல்தான்.

நான் சேர்ந்த புதிதில் ஸயா எங்களை வரிசையாக உட்கார வைத்து வகுப்பு எடுத்தார். வழக்கம்போல மின்சாரம் இல்லை. நடைபாதையில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது; பக்கத்துக் கடையின் ஜெனரேட்டரும் ஓடியது. அந்தச் சத்தத்துக்கு மேலே குரல் எடுத்து, கழுத்து நரம்பு புடைக்க, "நாம கட்டப்போறது வீடு இல்ல! மௌனம்! மௌனம்!" என்று கத்தினார். பின்வரிசைக்குக் கேட்கவில்லை. மறுபடி கத்தினார்.

அந்த மௌனத்துக்கு முதல் ஆள் கிடைத்தது நர்கிஸ் புயலுக்குப் பிறகு. ஏரிக்கரைப் பக்கம் வசித்த ஒரு மர வியாபாரியின் தகரக் கூரை புயலில் பறந்து அண்டை வீட்டுத் தோட்டத்தில் விழுந்திருந்தது. இனி கான்கிரீட் கூரைதான் என்று அவர் வந்தார். ஸயா புத்தகத்தைத் திறந்தார். வியாபாரி ஒரு படத்தின் மேல் விரலை வைத்து, "இதே மாதிரி" என்றார். தன்னைவிடப் பணக்காரர்கள் யாரும் யாங்கோனில் இப்படிக் கட்டியிருக்கிறார்களா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. அவர் மனைவி டோ மியா பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

ரோஜா நிறச் சுவரின் கதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படத்தில் இருந்ததுபோலவே கூரைக்கு வெளியே ஒரு சாண்கூட நீட்டாமல் மொட்டையாகச் சுவர் எழுப்பினோம். பெரியவர் ஊரில் மழை பெய்தாலும் வெயில் வந்து சுவரைக் காய வைத்துவிடுமாம். இங்கே மழை தொடங்கினால் சுவர் காய்வது தீபாவளி சமயத்தில்தான். வீட்டின் மற்ற வேலைகள் முடிவதற்குள் சுவர் மேலிருந்து கீழாகக் கறுத்துப் பாசி வழிந்தது. "பாசி இல்ல, காலம் போடுற கையெழுத்து" என்றார் ஸயா. வியாபாரி தலையாட்டினார். கடைசியில் அந்தக் கையெழுத்தைச் சுரண்டி எடுத்து மறுபடி வண்ணம் பூசினோம்.

இனி முக்கியமான விஷயம்.

வரைபடத்தைக் காட்டிய கூட்டத்தில் டோ மியா முதல்முறையாக வாய் திறந்தார். மேல்மாடியில் புத்தர் பீடத்துக்கு ஓர் அறை வரைந்திருந்தோம். அதற்கு மேலே மொட்டை மாடி. சுற்றிலும் உயரமான சுவர். வானம் மட்டும் தெரியும்.

"புத்தர் தலைக்கு மேல யார் நடப்பாங்க?" என்று கேட்டார்.

ஸயா கண்ணை மூடி, "வானம்" என்றார்.

"வானம் நடக்காது, ஸயா. வேலைக்காரப் பெண் நடப்பா. என் துணியைக் காயப்போட."

எனக்குச் சிரிப்பு வந்து, இருமுவதுபோல நடித்தேன். ஸயாவின் முகம் வெளுத்தது. பர்மிய பௌத்த வீட்டில் புத்தர் பீடம்தான் எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும். அதற்கு மேலே கால் படக்கூடாது. பெண்களின் ஈரத்துணி கொடியில் தொங்குவது அதைவிட மோசம். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எவருக்கும் தெரிந்த விஷயம். ஸயாவும் இங்கேதான் பிறந்தார். ஆனால் சரிவான கூரைக்கு மேல் யாரும் நடப்பதில்லை என்பதால் நாங்கள் யாரும் அதை யோசித்ததே இல்லை. தட்டையான கூரையை இரவல் வாங்கியபோது, அதன் மேல் நடக்கும் கால்களையும் சேர்த்து வாங்கிவிட்டோம். வரைந்தவளான எனக்கும் அது உறைக்கவில்லை.

பீடம் மொட்டை மாடிக்குப் போனது. அங்கே தனியாக ஒரு சின்ன அறை. துணிக் கொடி கீழே தோட்டத்துக்கு வந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் தேநீர் குடித்தார்கள். வீட்டுக்கு வந்து என் மூத்தவளுக்குச் சோறு ஊட்டும்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாடிக்குப் போக ஒரே படிக்கட்டுதான்.

அந்தப் படிக்கட்டும் படத்தில் இருந்து வந்ததே. உயரமான கூடத்தில், ஒரு பக்கம் மட்டும் சுவரில் செருகிய தேக்குப் பலகைகள். மறுபக்கம் ஒன்றும் இல்லை. கைப்பிடி இல்லை, கம்பி இல்லை, காற்றுதான். பார்க்க அழகு, மறுக்கவில்லை. வரைந்தபோது அது எப்போதாவது நிலா பார்க்கப் போகும் படி. இப்போது டோ மியா தினமும் காலையில் ஏற வேண்டிய படி. வெறும் கையோடு இல்லை. சோறு, குழம்பு, தண்ணீர்க் குவளை, பூ எல்லாம் வைத்த படையல் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு.

மறுநாளே ஸயாவிடம் போனேன். "கைப்பிடி வைக்கணும், ஸயா."

"ஸயாஜீ வீட்டுல கைப்பிடி இருக்கா?"

"அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி."

"ஸ்டெல்லா, நீயே சொல்லு. அவங்க ரெண்டு கையிலயும் தட்டு. கைப்பிடி வெச்சா எந்தக் கையால பிடிப்பாங்க?"

எனக்கு ஒரு வியாதி உண்டு. சரியான பதில் எனக்கு எப்போதும் பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றும். கைப்பிடி பிடிப்பதற்கு மட்டும் இல்லை, சாய்ந்தால் தடுப்பதற்கும்தான் என்று அதற்கு அடுத்த நாள் சொன்னேன். "உனக்குச் சின்னப் பிள்ளை இருக்கு. அதனால எல்லாத்துலயும் பயம்" என்றார்.

அது உண்மையாக இருக்குமோ என்று பல நாள் யோசித்தேன். லான்மடா வீட்டுப் படிகள் உங்களுக்குத் தெரியும்; ஏணிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. என் மூத்தவள் அப்போதுதான் படி இறங்கப் பழகியிருந்தாள். நிற்காமல், உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாகப் பின்புறத்தைத் தேய்த்து இறங்குவாள். நான் அவளுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துப் பின்னோக்கி இறங்குவேன். அப்படிப்பட்டவள் ஒரு படிக்கட்டைப் பற்றிச் சொல்லும் கருத்து கட்டிடக் கலையா, தாய்ப் பயமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும், அலுவலகத்திலிருந்து இரவல் வாங்கி வந்த அந்தப் புத்தகத்தைத் திறந்தேன். படங்களுக்குப் பின்னால், சின்ன எழுத்தில், யாரும் புரட்டாத பக்கங்கள் இருந்தன. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அம்மா மிஷன் பள்ளியில் படித்துக் கற்றுக்கொடுத்த ஆங்கிலத்தை வைத்து வாசித்தேன். பெரியவர் கட்டும்போதே மனதை மாற்றிக்கொண்டே இருந்தவராம். எழுப்பிய சுவரைப் பார்த்து, போதவில்லை என்று உயர்த்துவாராம். பூசிய வண்ணத்தின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வேண்டாம் என்று மாற்றுவாராம். குடிவந்த பிறகும் விடவில்லை. என்னைப் போலவே ஒரு சந்தேகப் பிராணி! இன்னொன்றும் இருந்தது. அந்த வீட்டில் அவர் தனியாகவே வாழ்ந்தார். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. தன் கால் எங்கே படும் என்று அறிந்த ஒரே ஒரு ஆள் ஏறுவதற்குச் செய்த படி அது.

மறுநாள் பக்கத்தை அடையாளம் வைத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். ஸயா எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"பின்னாடி இருக்கறது எழுத்து, ஸ்டெல்லா. நாம ஆர்கிடெக்ட்."

தம்பி தங்கைகளே, ஒருவரின் வேலையைப் பின்பற்ற ஆசைப்பட்டால் அவர் எங்கே தயங்கினார் என்று தேடுங்கள். படத்தில் தயக்கம் தெரியாது. எங்கள் ஸயா அந்த மனிதரின் சந்தேகங்களை எல்லாம் விட்டுவிட்டு முடிவுகளை மட்டும் தூக்கிவந்தார்.

ஸயா வேறொரு வேலையாக மாண்டலே போன வாரத்தில், கட்டிடம் என் பொறுப்பில் இருந்தது. தச்சரைக் கூப்பிட்டு, திறந்த பக்கம் முழுவதும் தேக்குக் கைப்பிடி வைக்கச் சொன்னேன். "சிமென்ட் வெச்சு இறுக்கிடவா, ஸயாமா?" என்று கேட்டார். அங்கேதான் என் புத்தி போனது. ஸயா திரும்பி வந்து கோபப்பட்டால்? "வேணாம், கழட்டுற மாதிரி திருகாணி போடுங்க" என்றேன். துணிச்சலான காரியத்தைப் பணிவாகச் செய்தேன். உங்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன்: கைப்பிடி வைப்பதென்றால் சிமென்ட் போட்டு வையுங்கள்.

ஸயா வந்தார், பார்த்தார், திட்டினார். வியாபாரியின் முன்னால் கழற்றச் சொல்ல முடியாததால் விட்டுவிட்டார். ஆனால் சிங்கப்பூரிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் படம் எடுக்க வந்த அன்று மத்தியானமே, திருகாணிகளைக் கழற்றி, கைப்பிடியைச் சாக்கில் சுற்றிக் கார் கொட்டகையில் போட்டுவிட்டார். படம் எடுத்தார்கள். கைப்பிடியைத் திரும்ப மாட்ட யாருக்கும் ஞாபகம் வரவில்லை. மறுநாள் காலை வீடு குடிபுகும் நாள்.

பிக்குகளுக்கு விருந்து. அவர்கள் வருவதற்கு முன் புத்தருக்குப் படைக்க வேண்டும். கூடம் முழுக்க உறவினர்கள். டோ மியா பட்டு உடுத்தி, தட்டை ஏந்திக்கொண்டு படியருகே வந்து நின்றார். படியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஸயாவைப் பார்த்தேன்.

"ஒரு நாள்தானே அம்மா, நானே கொண்டுபோறேன்" என்று ஸயா தட்டை வாங்கிக்கொண்டார். வியாபாரிக்குப் பெருமை, வீட்டைக் கட்டியவரே படையல் எடுத்துப் போகிறார்!

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஸயா எப்போதும் கறுப்புப் பேன்ட் போடுபவர். அன்று விசேஷம் என்பதால் மற்ற ஆண்களைப் போல லொஞ்சி உடுத்தி வந்திருந்தார். இடுப்பில் சுற்றி முடிச்சுப் போடும் இந்த ஊர்க் கைலிதான். அதைக் கட்டிக்கொண்டு படி ஏறும்போது எல்லோரும் ஒரு கையால் முன்பக்கத்தைத் தூக்கிக்கொள்வோம். தூக்குகிறோம் என்பதே நமக்குத் தெரியாது, அவ்வளவு பழக்கம். பெரியவர் பேன்ட் போட்டவர். அவர் படிக்கட்டுக்கு அந்தக் கை தேவைப்படவில்லை.

ஸயா பாதிவரை கம்பீரமாக ஏறினார். அங்கே லொஞ்சியின் ஓரத்தை மிதித்தார். முடிச்சு இளகியது. இரண்டு கையிலும் தட்டு. தட்டு மறைத்ததால் கால் தெரியவில்லை. மேலே போகவும் முடியாமல், கீழே வரவும் முடியாமல், லொஞ்சி நழுவாதபடி முழங்காலை ஒட்டிவைத்துக்கொண்டு, திறந்த பக்கத்து விளிம்பில் அசையாமல் நின்றார். கூடத்தில் ஒருவர்கூட மூச்சு விடவில்லை. அவர் இத்தனை ஆண்டு கத்திக் கேட்ட மௌனம் ஒருவழியாகக் கிடைத்தது.

"ஸ்டெல்லா!"

நான் ஏறினேன். ஒரு கையில் என் துணியைத் தூக்கிப் பிடித்து, இன்னொரு கையைச் சுவரில் பதித்து ஏறினேன். அவருக்கு ஒரு படி கீழே நின்றதும், "பிடி, பிடி" என்று தட்டை என் கையில் திணித்தார். இடுப்பு முடிச்சை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, சுவரோடு உரசி என்னைத் தாண்டி, விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார்.

இப்போது நான் நடுவில். இரண்டு கையிலும் தட்டு. வயிற்றுக்கும் தட்டுக்கும் கீழே என் கால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தூக்கிப் பிடித்திருந்த துணி கீழே விழுந்து பாதத்தை மூடியிருந்தது. குவளையில் தண்ணீர் நடுங்கியது. உள்ளே குழந்தை ஒருமுறை புரண்டது.

"தமீ" என்று கீழேயிருந்து டோ மியாவின் குரல் வந்தது. மகளே என்று பொருள். "உட்காரு. அப்படியே படியில உட்காரு."

"படையல் தட்டு..."

"அது சோறு. புத்தருக்கு வேற வைக்கலாம். நீ உட்காரு."

தட்டை மேற்படியில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பிறகு என் மகள் இறங்குவதுபோல, பின்புறத்தைத் தேய்த்து ஒவ்வொரு படியாக, அத்தனை பேர் முன்னிலையில் இறங்கினேன். கடைசிப் படியில் டோ மியா இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டிருந்தார்.

சிறிது நேரத்தில் பிக்குகள் வந்தார்கள். கூடத்தில் ஓர் உயரமான அலமாரியின் மேல் வேறு தட்டு வைத்துப் படைத்திருந்தோம். பழைய தட்டு படிக்கட்டின் நடுவிலேயே இருந்தது. எடுக்கப் போக யாருக்கும் துணிவில்லை. மடத்தலைவர் அண்ணாந்து பார்த்து, "அது என்ன?" என்று கேட்டார்.

"மெக்சிகோ முறை, சுவாமி" என்றார் டோ மியா.

அந்த வாரமே அவர் கைப்பிடியைச் சிமென்ட் போட்டு இறுக்கி, ஆஸ்பத்திரிப் பச்சை வண்ணம் அடித்துவிட்டார். பார்க்கச் சகிக்காது. நல்ல உறுதி. பத்திரிகையில் கைப்பிடி இல்லாத படம் முழுப் பக்கம் வந்தது. அதைச் சட்டம் போட்டு ஸயா அலுவலகத்தில் மாட்டியிருக்கிறார். உங்களில் பலர் அதைப் பார்த்து வாயைப் பிளந்திருப்பீர்கள். வரைந்தவர் பெயர் என்று கீழே என் பெயரும் சின்னதாக இருக்கிறது. அதற்காக ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலையை விட்டேன். இளையவள் நல்லபடியாகப் பிறந்து, இப்போது சுவரைப் பிடித்து நிற்கிறாள்.

போன வாரம் ஸயா ஆள் அனுப்பியிருந்தார். அந்தப் படத்தைப் பார்த்து ஓர் இளம் தம்பதி அதே படிக்கட்டைக் கேட்டிருக்கிறார்களாம். அவர்களுக்கு மூன்று குழந்தைகள். 'நீ வந்தால் கட்டிடம் முழுக்க உன் பொறுப்பு, நான் தலையிட மாட்டேன்' என்று சொல்லியனுப்பியிருக்கிறார். என் கணவர், "தலையிட மாட்டார், தட்டைத்தான் கையில கொடுப்பார்" என்கிறார். நான் போகாவிட்டால் அந்தப் படியடியில் உங்களில் ஒருவர் நிற்பீர்கள். போனால் கைப்பிடியைச் சிமென்ட் போட்டு வைப்பேன் என்று நினைக்கிறேன். ஆனால் பாதிப் படியிலிருந்து அவர் மறுபடி என் பெயரைச் சொன்னால், என் கால் எனக்கு முன்னால் கிளம்பிவிடும் என்று பயமாக இருக்கிறது.

கூப்பிட்டும் ஏறாமல் கீழேயே நிற்கத் தெரிந்தவர்கள் உங்களில் யாராவது இருக்கிறீர்களா? இருந்தால், எப்படி நின்றீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். போவதா வேண்டாமா என்று அதன் பிறகு முடிவு செய்கிறேன்.